மூட்டைப்பூச்சி மருந்து

குவைத்தில் நானூறு ஆண்களைக் கட்டி மேய்த்த ஜான்ரோஸால் இரணியலில் ஒரு கண்ணாடித் தொட்டி மீனைக் கட்டி மேய்க்க முடியவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்று, "ஏலே, உனக்கு ஒருக்கச் சொன்னா மண்டையில ஏறாதா?" என்று கேட்டார். கேட்டது ஒரு நீல மீனிடம். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அது தன் கல்குகையின் வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு திரும்பி, நேற்று வாங்கி விட்ட மஞ்சள் மீனின் வாலில் இன்னொரு கடி வைத்தது.

"கலாஸ்!" என்று கத்தினார் ஜான்ரோஸ். போதும், முடிந்தது என்று அரபியில் அர்த்தம். கேம்பில் இந்த ஒரு சொல்லுக்கு, ஓங்கிய கரண்டியை வங்காளியும் கீழே போடுவான், கழற்றிய பெல்டைப் பஞ்சாபியும் திரும்ப மாட்டுவான். மீனுக்கு அரபி தெரியவில்லை. மூன்றாவது கடியும் விழுந்தது.

கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்கு அவர்தான் பாஸ். யாருக்கு எந்த முறி, அந்த அறைக்குள் எந்தக் கட்டில், மேல்தட்டா கீழ்த்தட்டா, யார் சமையல் முறை, யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒருத்தன் மேலும் கைநீட்டியது கிடையாது. பாதி வாழ்க்கையை அந்த வேலையில் போட்டுவிட்டுப் போன வருசம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். இரணியலில் இன்றைக்கும் அவரைக் கேம்ப் பாஸ் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் மட்டும் அப்படி யாரும் சொல்வதில்லை.

வீட்டில் என்று சொன்னால், மனைவி சத்தியபாய். ஒரே மகள் ஜாஸ்மி கல்யாணமாகிப் பெங்களூரில் இருக்கிறாள். ஆக, இரண்டே பேர், ஐந்து முறி. இடத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைப்பீர்கள். ஜான்ரோஸும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

லீவில் வந்தபோதெல்லாம் அவர் விருந்தாளி. நல்ல தட்டு, நல்ல விரிப்பு, காலையில் புட்டுக்குப் பழம், மத்தியானம் நெய்மீன். விருந்தாளிக்கு எங்கே உட்காருவது என்ற கவலை கிடையாது, உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவான். ஒரேயடியாக வந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. முன்முறியில் டிவிக்கு நேரே கிடக்கும் சூரல் நாற்காலி சத்தியபாயுடையது. அவள் மூக்குக் கண்ணாடி அதன் கையில்தான் இருக்கும். சோபா, பிளவுஸ் அளவு கொடுக்க வரும் பெண்களுக்கு. அவர் லுங்கியோடு அதில் சாய்ந்திருந்தால், வருகிறவள் வாசலிலேயே நின்று, "அண்ணன் இருக்காவளா, நான் பின்ன வாறேன் அக்கா" என்று திரும்பிவிடுவாள். சாப்பாட்டு மேசையில் பாதி, வெட்டிவைத்த துணி. அலமாரியில் அவருக்கு ஒரே ஒரு தட்டு, அது லீவுக்கு வரும்போது ஒதுக்கிக்கொடுத்த அதே தட்டு. எங்கே நின்றாலும் சத்தியபாய் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு வருவாள். "இச்சிரி மாறுங்க" என்பாள், கொஞ்சம் விலகச் சொல்லி. கோபமாகச் சொல்ல மாட்டாள். பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் சொல்வது மாதிரிச் சொல்வாள். அதுதான் ஜான்ரோஸுக்கு வயிற்றெரிச்சல்.

சத்தியபாயையும் குற்றம் சொல்ல முடியாது. கிணறு வெட்டியது, மாடி கட்டியது, மகளைப் படிக்கவைத்தது, மாமியாரைக் கடைசிவரை பார்த்து அடக்கம் பண்ணியது, எல்லாம் தனி ஆளாக. அவள் கைக்கு அந்த வீட்டில் கண் இருந்தது. இருட்டிலும் தீப்பெட்டி எடுப்பாள். இப்போது அந்தத் தீப்பெட்டி இருக்கும் வழியில் ஒரு ஆள் நிற்கிறார்.

வீட்டில் தனக்கென்று ஏதாவது ஒன்று வேண்டும் என்று ஜான்ரோஸுக்குத் தோன்றியதிலிருந்துதான் இந்த மீன் வினை ஆரம்பித்தது.

தக்கலையில் ஜக்கரியாவின் வர்ணமீன் கடை. குளச்சல்காரர், நயமாகப் பேசுவார், ஆனால் விற்பதற்காகப் பொய் சொல்ல மாட்டார்.

"முதல் தொட்டியா அண்ணாச்சி? அப்போ கப்பி எடுங்க, மோலி எடுங்க. இந்த சிக்லிட் வேண்டாம். பாக்க அழகு, குணம் ரௌடி."

"ரௌடியா? நான் பாக்காத ரௌடியா மக்கா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு வியாபாரி என்ன செய்வார்? ஆப்பிரிக்க ஏரி மீன், நீலமும் மஞ்சளுமாகப் பார்த்துப் பார்த்து வாங்கினார் ஜான்ரோஸ். ஜக்கரியா படித்துப் படித்துச் சொன்னார். முதலில் சில வாரம் மீன் இல்லாமல் பில்டரை ஓடவிட்டுத் தண்ணியைப் பழக்க வேண்டும். நம்ம பக்கத்துக் கிணற்றுத் தண்ணிக்குச் சுண்ணாம்புச் சத்து காணாது, கடல்சிப்பி கொஞ்சம் கழுவிப் போட வேண்டும். சன்னல் வெயில் படக் கூடாது. கல்லை அடுக்கிக் குகை குகையாக வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, மீன்களை மொத்தமாக ஒரே நேரத்தில் விட வேண்டும், ஒன்று ஒன்றாக விட்டால் முதலில் போனது பின்னால் வந்ததை விடாது.

ஜான்ரோஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சிப்பியையும் கல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் கடைக்காரன் பேச்சு. லேபர் என்ன மொத்தமாக ஒரே விமானத்திலா வந்து இறங்குகிறான்? வரவரத்தானே முறிக்குள் விடுகிறோம்.

சன்னல் விசயத்தில் அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். முன்முறியில் நல்ல வெளிச்சமுள்ள சன்னல் ஒன்றே ஒன்று. அதன் கீழே சத்தியபாயின் தையல் மிஷின் கிடந்தது. அவள் சபையில் பெண்கள் ஐக்கிய ஜெபத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மிஷினைத் தூக்கி அடுக்களைப் பின்வராந்தாவில் வைத்துவிட்டு, இரும்பு ஸ்டாண்டும் தொட்டியுமாகச் சன்னலைப் பிடித்துவிட்டார். கேம்பில் இடம் மாற்றுவதென்றால் இப்படித்தான், ஆளில்லாத நேரத்தில்.

வந்து பார்த்த சத்தியபாய் சண்டை போடவில்லை. "தைக்க வெளிச்சம் பின்னாலயும் உண்டு" என்று மட்டும் சொன்னாள். ஜான்ரோஸ் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த கோபமெல்லாம் தட்டு பறக்கிற கோபம்.

முதல் வாரத்திலேயே தண்ணி கஞ்சி மாதிரி ஆகிச் சில மீன் மல்லாந்தது. அடுத்து சன்னல் வெயிலில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. வழித்து எடுத்தால் மறுநாள் திரும்ப வந்தது. அழகுக்கு நட்டுவைத்த செடிகளை மீன்கள் பிடுங்கி மிதக்கவிட்டன. தோசைக் கரண்டியை வைத்து மணலை வாசல் முற்றம் போல நிரவிவிட்டால், சாயா குடித்துவிட்டு வருவதற்குள் வாயால் கோரிக் கோரி முன்கண்ணாடியில் மணல்மேடு கட்டிவைத்திருந்தன. அவர் நிரவ, அவை தோண்ட, தோசைக் கரண்டியைக் காணாமல் சத்தியபாய் வந்து நிற்க, இப்படியே ஒரு மாசம் போனது.

ஒருநாள் அவள் குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தொட்டியை நன்றாகப் பார்த்தாள். ஜான்ரோஸ் பக்கத்தில் வந்து ஆசையாக நின்றார். ஏதாவது நல்ல வார்த்தை வருமென்று நினைத்தார், பாவம்.

"இது சிலேபியில்லா?"

"சிலேபியா? ஆப்பிரிக்காக்காரன் ஏட்டி இது!"

"பேச்சிப்பாறை டேமுல கறிக்குப் பிடிச்சிட்டு வருவினுமே, அந்தச் சிலேபி மீனு. மூஞ்சியும் முள்ளும் அதே மாதிரித்தான் இருக்கு. கலர் மட்டும் அடிச்சிருக்கு." சொல்லிவிட்டுப் போயேவிட்டாள்.

மனசு ஆறாமல் ஜக்கரியாவுக்குப் போன் போட்டார். ஜக்கரியா கொஞ்சம் தயங்கினார். "அது... ஒரே குடும்பம்தான் அண்ணாச்சி. சிலேபியும் சிக்லிட் சாதிதான்." ஜான்ரோஸ் போனை வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தார். மீன்களுக்கு உப்பு மிளகு போட்டுப் பொரித்த வாசனை மூக்கில் அடித்தது. ஆத்திரமாக வந்தது.

ஆனால் எல்லாக் கொடுமையையும் தூக்கிச் சாப்பிட்டது அந்த நீலன்தான். முதல் நாள் விட்டதில் தப்பியவன். நல்ல பெரிய குகை, பில்டர் காற்று வரும் மூலை, இரண்டையும் தன் பேரில் எழுதிக்கொண்டான். ஜான்ரோஸ் அவனுக்கு ஃபோர்மேன் என்று பேர் வைத்திருந்தார். தனியாக இருந்தால் சாது. புதிதாக ஒருத்தன் வந்தால் போதும், விரட்டி விரட்டிக் கடிப்பான். மற்றவைகளும் ஃபோர்மேன் பார்க்கட்டும் என்று கூடவே ஒரு கடி கடிக்கும். புதியவன் கண்ணாடியோடு ஒட்டி மேல்மூலையில் நிற்பான், தின்ன இறங்க மாட்டான், செத்துப்போவான். ஒன்று இரண்டு அப்படிப் போனது. இந்த மஞ்சளுக்கும் வால் பாதி இல்லை.

ஜான்ரோஸால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மூலையில் ஒட்டி நின்ற அந்த மீனைப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஏன் என்று அவர் யோசிக்கவில்லை, நாமும் இப்போது யோசிக்க வேண்டாம். வலையை விட்டு அதைக் கோரி, பின்வராந்தாவில் இருந்த ஒரு வாளியில் தண்ணி நிறைத்து அதற்குள் விட்டார்.

மறுநாள் காலை சத்தியபாய் துணி முக்க வாளியைத் தேடினாள்.

"இது எனக்க வாளி."

"ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்."

"துணி நாறுது. தொட்டியில கொண்டு விடுங்க அதை."

"விட்டா மத்தது கொன்னுபோடும் ஏட்டி!"

"கொன்னா கொன்னுட்டுப் போட்டு. சிலேபிதானே."

இந்தச் சிலேபி அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "எனக்க வீட்டுல ஒரு வாளி எடுக்க எனக்குப் பாத்தியதை இல்லியா?" என்று குரலை உயர்த்தினார்.

சத்தியபாய் நிமிர்ந்தாள். "உங்க வீடுதான். உப்புப் பரணி எங்க இருக்குண்ணு சொல்லுங்க பாப்போம்."

ஜான்ரோஸ் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேம்ப் மெஸ்ஸில் உப்பு மூட்டை எந்த மூலையில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இங்கே ஒரு உப்பு ஜாடி இருக்கும் இடம் தெரியவில்லை. தெரியாததால் கோபம் இரட்டிப்பானது.

"எங்ஙன தெரியும்? அடுக்களைக்குள்ள காலெடுத்து வச்சா மாறுங்க. முன்னால இருந்தா மாறுங்க. வாசல்ல நின்னா மாறுங்க. வந்த நாள் தொட்டு மாறிக்கிட்டேதான் நிக்கேன். இந்த வீட்டுல எனக்கு இருக்க ஒரு எடம் உண்டா? கம்பெனியில புதுக் கேம்பு திறக்கினும். ரெண்டு வருசம் வாண்ணு விளிச்சிருக்கினும். நான் போறேன்."

கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது உண்மைதான். இந்த வாரம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இப்படித் துணி முக்குகிற இடத்தில் வைத்து, ஒரு வாளியின் பேரில் அதைச் சொல்லுவோம் என்று அவரே நினைக்கவில்லை. போகாதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

சத்தியபாய் முக்க எடுத்த துணியைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். "போணும்னா போங்க. வழியனுப்பி எனக்குப் பழக்கம்தானே" என்றாள். உள்ளே குக்கர் கத்தியது, போய்விட்டாள்.

அதோடு எல்லாம் விட்டுப்போயிற்று ஜான்ரோஸுக்கு. மீனும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். ஜக்கரியாவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, முதலில் ஃபோர்மேனைப் பிடிக்க வலையை எடுத்தார். பிடிக்கவா முடியும்? இந்தக் கல்லுக்கு அடியில் விட்டால் அந்தக் கல்லுக்குப் பின்னால் போனான். முழங்கை வரை நனைந்து, சட்டை நனைந்து, தரையெல்லாம் தண்ணி. பல்லைக் கடித்துக்கொண்டு கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே பேப்பரில் வைத்தார். குகை போயிற்று, சந்து போயிற்று, கடைசிக் கல்லும் வந்துவிட்டது. தொட்டி மொட்டை மணலாக நின்றது.

ஃபோர்மேன் எங்கே? மற்றவைகளோடு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றான். யார் நீலம், யார் பெரியவன் என்று ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "வாளி தருவியளா மாட்டியளா?"

"இந்தா, கொண்டு போ!" என்று எரிச்சலோடு வாளியைத் தூக்கிவந்து, எப்படியும் எல்லாம் போகப்போகிறதுதானே என்று, மஞ்சள் மீனையும் தொட்டிக்குள் சரித்துவிட்டார். சரித்த பிறகுதான் பதறியது. வலையோடு காத்து நின்றார். கடி விழவில்லை. மஞ்சள் மெதுவாக நீந்தி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே போய் நின்றது. ஃபோர்மேன் அதைப் பார்த்தான், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். காக்க ஒரு குகை இல்லை, அதனால் விரட்ட ஒரு ஆளும் இல்லை.

ஜான்ரோஸ் ஈரக்கையோடு அப்படியே நின்றார். பிறகு ஒரு கல்லை எடுத்து, பழைய இடத்தில் இல்லாமல் வேறு மூலையில் வைத்தார். இன்னொன்றைத் தலைகீழாக வைத்தார். குகை இருந்த இடத்தில் சமதளம், சமதளம் இருந்த இடத்தில் குகை. மீன்கள் ஒவ்வொன்றாக வந்து முகர்ந்து பார்த்தன. ஃபோர்மேன் தன் பழைய வாசலைத் தேடி இரண்டு சுற்றுச் சுற்றினான், கிடைக்கவில்லை. கண்ட சந்தில் புகுந்தான். அடுத்த சந்தில் மஞ்சள் புகுந்துகொண்டது, யாரும் கேட்கவில்லை.

"அட முட்டாப்பயலே!" என்று ஜான்ரோஸ் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. சத்தியபாய் வாளியும் கையுமாக வந்து எட்டிப்பார்த்தாள்.

"என்னத்துக்குச் சிரிக்கிய?"

"இது எனக்க வேலை ஏட்டி! நானே கண்டுபிடிச்ச வேலை. மீனுக்குச் செய்யணும்னு தோணல்ல பாத்தியா." சண்டை போட்டது மறந்துபோய்க் கதையை ஆரம்பித்துவிட்டார். "கேம்புல ஒரு முறி. எல்லாம் பழைய ஆளுக. ஒரு நேபாளிப் பையனை அதுல போட்டேன். கதவுகிட்ட, லைட்டுக்கு நேர கீழ அவனுக்குக் கட்டில். அவனை உறங்கவிட மாட்டினும், சட்டையை எடுத்து வெளிய எறிவினும். நான் சத்தம் போட்டுப் பாத்தேன், ஃபைன் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் நடக்கல்ல. ஒரு வெள்ளியாழ்ச்ச, முறியில மூட்டைப்பூச்சி இருக்கு, மருந்தடிக்கணும், எல்லாத்தையும் வெளிய போடுங்கண்ணு சொன்னேன். கட்டில், மெத்தை, பெட்டி, எல்லாம் வெயில்ல. மருந்தடிச்சாச்சு. திரும்ப உள்ள போடும்போ ஒரு கட்டிலும் பழைய எடத்துல போடல்ல. பழைய ஆளு ஒருத்தன், தலை எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியாம முறிக்குள்ள சுத்துதான்! அண்ணைக்கு அந்த முறியில எல்லாரும் புது ஆளுதான். பின்ன சண்டை இல்ல. அதுக்குப் பெறகு எந்த முறிக்குப் புது ஆளு வந்தாலும் எனக்கு மூட்டைப்பூச்சி மருந்துதான்."

சத்தியபாய் கதை முழுக்க நின்று கேட்டாள். "பழைய ஆளுக்கு மனசுக்குச் சங்கடமா இருக்காதா? இத்தனை நாள் கிடந்த எடமில்லா?"

"இருக்கும். ரெண்டு நாள் முட்டி மோதுவான். பின்ன பழகிடும்."

"மூட்டைப்பூச்சி உள்ளதுதானா?"

"எங்க உள்ளது? மருந்தே இல்ல, பம்புல வெறும் பச்ச வெள்ளத்தை நிறைச்சு அடிச்சேன்."

அவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியோடு போனாள். தன் வாழ்நாளின் நல்ல கதையைச் சுவரிடம் சொன்னது போலாயிற்று ஜான்ரோஸுக்கு. போயும் போயும் மீனுக்கு இடம் கிடைத்துவிட்டது, அதுவாவது நடந்ததே என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் நாகர்கோவிலுக்குக் கிளம்பினார். கம்பெனி பாஸ்போர்ட் நகலும் புதுப் போட்டோவும் கேட்டிருந்தது. போய்வருகிறேன் என்று சொன்னபோது சத்தியபாய் அடுக்களையிலிருந்து, "எப்ப வருவிய?" என்று கேட்டாள். அதுகூட அவருக்கு, எப்போது தொலைவாய் என்று கேட்டது மாதிரி இருந்தது.

ஸ்டூடியோக்காரன், "சார், முகத்தை இச்சிரி சந்தோசமா வையுங்க" என்றான். வைத்துப் பார்த்தார். வரவில்லை. அதே மூஞ்சியோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மத்தியானம் தாண்டி வீட்டு நடைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முற்றம் முழுக்க வீடு கிடந்தது. கட்டில், மெத்தை, சோபா, சூரல் நாற்காலி, சாப்பாட்டு மேசை, தையல் மிஷின், துணியெல்லாம் கட்டிக் கட்டித் தார்ப்பாயில், அலமாரி கதவு திறந்தபடி மாமரத்தடியில். பக்கத்து வீட்டு ரசலையன் வேர்த்து வழிந்து சோபாவின் கையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"கேம்ப் பாஸே, இது என்ன, வீடு ஒழியுதியளா? கேட்டா உங்க வீட்டுக்காரி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. சொமக்க மட்டும் சொல்லுதா."

வீட்டைக் காலி செய்கிறாளா என்று ஜான்ரோஸ் பதறினார். சொன்னபடி என்னை அனுப்பிவிட்டு மகள் வீட்டுக்குப் போகப்போகிறாளா? செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே ஓடினார். முறிகள் எல்லாம் வெறும் தரை, பேசினால் எதிரொலிக்கும். தூக்க முடியாத மீன்தொட்டி மட்டும் சன்னலடியில் நின்றது. நடுமுறியில் சத்தியபாய், செடிக்கு மருந்தடிக்கும் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூலை மூலையாக அடித்துக்கொண்டிருந்தாள். மருந்து வாசனையே இல்லை.

"என்னது இது?"

"மூட்டைப்பூச்சி" என்றாள் சத்தியபாய்.

"நம்ம வீட்டுலயா?"

"எல்லா முறியிலயும் உண்டு." பம்பைக் கீழே இறக்கினாள். "அடுக்களையில இல்லாம இருக்குமா? அங்கயும் எல்லாத்தையும் வெளிய எடுத்தாச்சு. உப்புப் பரணியை எங்க வைக்கணும்னு இனி நீங்கதான் சொல்லணும். எனக்கும் தெரியாது."

எத்தனையோ முறிகளில் எத்தனையோ ஆட்களுக்கு ஜான்ரோஸ் அடித்த மருந்து. தனக்கு ஒருத்தர் அடிப்பார் என்று நினைத்ததில்லை. அதுவும் அந்தப் பழைய கட்டிலில் இத்தனை வருசம் கிடந்தவளே எழுந்து வந்து அடிப்பாள் என்று யாரால் நினைக்க முடியும்? சந்தோசமும் வெட்கமும் ஒன்றாக வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"எனக்க மிஷினைத் தூக்கி மாத்தினிய" என்றாள் அவள். "ஒரு வார்த்தை கேக்கல்ல. நான் இருக்கும்போ மாத்தியிருந்தா நானே ஒரு பக்கம் பிடிச்சிருப்பேன்."

"கேக்கல்ல. தப்புதான்" என்றார் ஜான்ரோஸ். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் கேம்பிலும் வந்ததில்லை. "சன்னல் மிஷினுக்கு. தொட்டியை நான் உள்ளுக்கு மாத்துதேன். வெயில் படப்பிடாதுண்ணு ஜக்கரியா அப்பவே சொன்னான்."

சட்டைப்பையில் போன் அடித்தது. குவைத் நம்பர். போட்டோ அனுப்பியாயிற்றா என்று கேட்க ஆபீஸிலிருந்து மலையாளிப் பையன். ஜான்ரோஸ் சத்தியபாயைப் பார்த்துக்கொண்டே, "மோனே, இவிட மூட்டைப்பூச்சி மருந்தடிக்கோம். எல்லாம் வெளிய கிடக்கு. இதெல்லாம் உள்ள போட்டு முடிக்க நாளாகும். நீங்க வேற ஆளைப் பாத்துக்கிடுங்க" என்றார். அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. "ஆமா, கலாஸ்" என்று சொல்லிப் போனை அணைத்தார்.

சத்தியபாய் முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். முதலில் தையல் மிஷினின் ஒரு பக்கத்தை ரசலையனும் மறுபக்கத்தை அவளுமாகத் தூக்கிக்கொண்டு வாசல்படி ஏறினார்கள். ஜான்ரோஸ் வழியில் நின்றிருந்தார். வந்த நாள் முதல் ஆகிப்போன பழக்கம், சட்டென்று சுவரோடு ஒட்டி ஒதுங்கினார்.

"மாறண்டாம்" என்றாள் சத்தியபாய். "வந்து பிடிங்க."